நிஸா ராத்தாவின் மங்கல் சோளன்

நஜ்முன் நிஸாவிடம் எதையாவது விளங்கப்படுத்தினால் உடனே தலையாட்டமாட்டார். கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். காதில் விழவில்லையோ என்று நமக்கு எரிச்சல் வரும். எனக்கு எரிச்சல் சீக்கிரம் வரும் என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். பிறகு அவர் மெல்லத் திரும்பி ஒரு கேள்வி கேட்பார். நான் சொன்ன இடத்திலிருந்து அது வெகுதூரம் போயிருக்கும்.

நான் தர்சிகா, விவசாயப் போதனாசிரியர். வீடு அன்புவழிபுரத்தில். விடிந்ததும் ஸ்கூட்டியில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிற ஆள். மழைக்காலத்தில் பாலத்துக்குக் கீழே கடல் எது, வானம் எது என்று பிரிக்க ஏலாது. வள்ளங்கள் ஒன்றிலும் படாமல் நடுவில் நிற்கும். அந்த நேரத்தில் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நிஸா ராத்தாவின் தலைக்குள்ளும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ராத்தா என்றால் அக்கா, கிண்ணியாவில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பருப்பும் முட்டையும் கைக்கு எட்டாமல் போன வருடத்தில்தான் அவரை எனக்குத் தெரிய வந்தது. அவருடைய கணவர் ஸைனுலாப்தீன் மேசன். சீமெந்து விலையில் யாரும் வீடு கட்டவில்லை, அவருக்கும் வேலை இல்லை. அப்படி இருந்தும் நிஸா ராத்தா தன் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருக்கிற பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு பெரிய பானை கஞ்சி காய்ச்சினார். அரிசி கொஞ்சம், சோளன் நிறைய. மக்காச்சோளத்தை இங்கே சோளன் என்போம். ஆளுக்கு ஒரு கைப்பிடி என்று வீடு வீடாய் வாங்கிச் சேர்த்த சோளன். அந்த ஒழுங்கைக்கு வேறு வேலையாகப் போன என்னை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மிஸ், ஒரு விசயம் கேக்கணும். இதுகள் வயிறு நெறயக் குடிக்குதுகள். பானையில ஒண்டும் மிஞ்சிறல்ல. ஆனா கையப் புடிச்சுப் பாத்தா எலும்புதான் தட்டுப்படுது. அதென்ன?”

“பிட்டு அவிக்கிறீங்கள்தானே ராத்தா,” என்றேன். “மா ஒரு பெட்டி நிறைய இருக்கு. தேங்காய்ப்பூ ரெண்டு குழலுக்குத்தான் காணும். எத்தின குழல் அவிப்பீங்கள்?”

“ரெண்டு.”

“மிச்ச மா?”

“சும்மா கிடக்கும்.”

“உடம்பும் அப்படித்தான். சோளனில புரதம் இருக்கு. ஆனா லைசின் எண்டு ஒரு சாமான் அதில நல்லாக் குறைவு. அது முடியிற இடத்தில உடம்பு கட்டுறதை நிப்பாட்டிரும். மிச்சப் புரதம் உள்ளுக்குப் போயும் பிரயோசனமில்லை.”

அவர் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆவி அவர் முகத்தில் அடித்தது. போய்விடலாமா என்று நான் யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் பதில் வந்தது.

“உரம் போட்டா அது கூடாதா?”

“அளவு கொஞ்சம் கூடும். தரம் கூடாது. அது விதைக்குள்ளயே எழுதியிருக்கு.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்கிற ஆள் கிடைத்தால் எனக்கு வாய் ஓயாது. மங்கல் சோளனைப் பற்றியும் சொன்னேன். சாதாரணச் சோளன் தன் மணிக்குள் லைசின் இல்லாத ஒரு புரதத்தைத்தான் அள்ளி அள்ளி நிரப்பும். அப்படி நிரப்பச் சொல்வது ஒரு மரபணு. அந்த மரபணு பழுதாய்ப்போன ஒரு வகைச் சோளன் இருக்கிறது. அதில் அந்தப் புரதம் குறைந்து, நல்ல புரதங்கள் கூடிவிடும். லைசின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெளியிலிருந்தே ஆளை அடையாளம் பிடிக்கலாம். சாதாரண மணி கண்ணாடி போலப் பளபளக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். இது சுண்ணாம்புக் கட்டி மாதிரி மங்கலாய் இருக்கும். பாரமும் குறைவு, வண்டும் சீக்கிரம் விழும். அதனால் யாரும் விரும்பிப் போடுவதில்லை.

“பாக்க வடிவில்ல எண்டா வேணாமோ?” என்று கேட்டார் நிஸா ராத்தா. மங்கல் சோளனுக்காக அவர் மனம் நொந்துபோனது முகத்தில் தெரிந்தது.

ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த என் சிநேகிதியிடம் அந்த விதையில் ஒரு கைப்பிடி மிஞ்சியிருந்தது. அவளுடைய திட்டம் முடிந்துவிட்டது. களஞ்சியத்தையும் துப்புரவாக்கிவிட்டார்கள். இனிக் கேட்டாலும் கிடைக்காது என்று சொல்லித்தான் தந்தாள். முதல் பெரும்போகத்துக்கு, மழைக்கால விதைப்புக்கு, நிஸா ராத்தா அதை வீட்டுக்குப் பின்னால் போட்டார். தண்ணீர் வார்த்து, கதை சொல்லி வளர்த்தார் என்று ஸைனுலாப்தீன் பகிடி பண்ணுவார். கொஞ்சம் பெருகியது. மறு பெரும்போகத்துக்கு அதை மேட்டுக் காணியில் போடுவது என்று முடிவானது. அங்கே விளைந்தால் ஒழுங்கை முழுவதுக்கும் விதை கொடுக்கலாம். அவருக்கு வேறு கனவே இருக்கவில்லை. என்னோடு எந்தக் கதையைத் தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்பார்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடும் காணியும் பெண்பிள்ளைகளுக்கு. உம்மாவின் மேட்டுக் காணி நடுவில் ஒரு வரம்போடு இரண்டாகப் பிரிந்து, கடல் பக்கத்துப் பாதி தங்கை றம்ஸியாவுக்கும் மற்றப் பாதி நிஸா ராத்தாவுக்கும் வந்தது. றம்ஸியாவுக்கு என் வயதுதான், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். உம்மா நோயில் விழுந்தபோது அவள் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். சொன்னால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று நிஸா ராத்தா சொல்லவில்லை. உம்மா சுகமாகிவிடுவார் என்று நம்பியிருக்கிறார். உம்மா மவுத்தாகி, வழக்கம்போல அன்றைக்கே அடக்கமும் முடிந்தது. றம்ஸியாவுக்குச் செய்திதான் போனது. திரும்பி வந்தவள் அக்காவின் வாசலில் நின்று, “உம்மாட முகத்த எனக்கு இல்லாம ஆக்கிட்டீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இரண்டு பேரிலும் கோபம்.

அந்தப் போகம் மழை விழுந்ததும் இரண்டு காணியிலும் ஒரே வாரத்தில் சோளன் போட்டார்கள். இந்தப் பக்கம் மங்கல். அந்தப் பக்கம் கோழித்தீன் கம்பனிக்காரன் கொடுத்த சாதாரணச் சோளன். எனக்குத் தலை சுற்றியது. சோளனின் மகரந்தம் காற்றில் போகிற சாமான். வாடைக்காற்றோ கடலிலிருந்து றம்ஸியாவின் காணி வழியாகத்தான் வரும். இரண்டு மரபணுப் பிரதிகளும், தாய் தந்ததும் தகப்பன் தந்ததும், பழுதாய் இருந்தால்தான் மணி மங்கலாகும். வெளி மகரந்தம் விழுந்தால் அந்த மணி கண்ணாடியாய்ப் போய்விடும், லைசினும் போய்விடும். நிஸா ராத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். றம்ஸியாவோடு கதைத்து, அவளுடைய பயிரை அழித்து மூன்று கிழமை பிந்திப் போடச் சொல்லும்படி கேட்டேன். அழிவுக்கு ஈடாக அலுவலகத்தில் விதை எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

“நான் அவவோட கதைக்கிறல்ல மிஸ்.”

“அப்ப நான் கேக்கட்டா?”

“வேணாம். நீங்க கேட்டாலும் நான் கேக்க வெச்ச மாதிரித்தானே.”

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். நிஸா ராத்தாவுக்கு ஒரு வரம்பைத் தாண்ட வாய் வரவில்லை.

மார்கழியில் பூத்தது. மழை விட்ட ஒரு காலையில் நான் போனபோது காணி முழுவதும் பனிமூட்டம் போல மெல்லிய மஞ்சள் புகாராய் நின்றது. காற்று மெதுவாக ஒரு தரம் வந்தால் றம்ஸியாவின் பக்கத்து ஆண்பூக்கள் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்து, தூள் எழும்பி, வெயிலில் மினுங்கி, அவசரமில்லாமல் இந்தப் பக்கம் வந்து இறங்கும். தூரத்தில் கொட்டியாரக் குடாவில் ஒரு கப்பல் தண்ணீரைத் தொடாமல் நின்றது. நிஸா ராத்தா நிரைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். முக்காட்டிலும் இமையிலும் மஞ்சள். கவலைப்படுவார் என்று நினைத்துப் போன எனக்கு, அவர் சிரித்துக்கொண்டிருந்தது பிடிக்கவில்லை.

“என்ன வடிவு பாருங்க மிஸ்,” என்றார்.

கிளியும் காட்டுப் பன்றியும் தின்றது போக மடலோடு ஒரு மூடை சோளன் பொத்திதான் வீட்டுக்கு வந்தது. உரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பொத்தியிலும் மங்கல் மணிகளுக்கு நடுவில் கண்ணாடி மணிகள். வரம்போரத்துப் பொத்திகளில் பாதிக்குப் பாதி. ஸைனுலாப்தீன் ஒரு பலகைப் பெட்டிக்குள் மின்குமிழைப் பூட்டி, மேலே கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அதில் மணிகளைப் பரப்பினால் ஒளி விடுகிறது எது, விடாதது எது என்று தெரியும். மங்கலை மட்டும் விதைக்குப் பொறுக்க வேண்டும். நிஸா ராத்தா முதல் பொத்தியை உதிர்த்து அந்த வெளிச்சத்தில் பரப்பிய அன்றைக்கே காய்ச்சல் வந்தது. டெங்கு. திருகோணமலை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். ஸைனுலாப்தீனும் கூடவே போய் அங்கேயே நின்றார்.

காய்ச்சலில் என்ன கண்டார் என்று நிஸா ராத்தா பிறகு என்னிடம் சொன்னார். வார்டுக்குள் மஞ்சள் தூள் இறங்கிக்கொண்டே இருந்ததாம். கட்டிலெல்லாம் முளைத்து, நோயாளிகளின் தலைமாட்டில் இலை அசைந்ததாம். அந்த இலைகளை விலக்கிக்கொண்டு றம்ஸியா ஒரு பிளாஸ்க்கோடு வந்தாளாம். இது மட்டும் கனவில்லை. அக்கா கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு அவள் உண்மையாகவே வந்திருந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. றம்ஸியா கஞ்சியை ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். நிஸா ராத்தா அழுது அழுது குடித்தார். அப்படி ருசியான கஞ்சியை அதற்கு முன் குடித்ததில்லை என்றார்.

வீட்டுக்கு வந்தபோது முன்கூடம் கூட்டித் துடைத்திருந்தது. சோளன் மூடையைக் காணவில்லை. றம்ஸியா ஒரு மூடி வாளியைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். அதற்குள் வேப்பிலை போட்டு, கண்ணாடியாய் மின்னுகிற மணிகள்.

“வண்டு விழப் போகுதெண்டு பயந்து, ஒழுங்கப் பொம்புளயளயும் கூப்புட்டு உதுத்திட்டம் ராத்தா. நல்ல மணி எல்லாத்தையும் விதைக்குப் பொறுக்கி வெச்சிரிக்கன். மங்கலில கொஞ்சத்தக் கோழிக்குப் போட்டிட்டு மிச்சத்த மில்லுல அரச்சன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்ததும் அந்த மாதான்.”

எந்த விவசாயி வீட்டிலும் விதை பொறுக்குகிற முறை அதுதான். மினுங்குவது விதைக்கு, மங்கல் கோழிக்கு. மங்கல்தான் விதை என்பதை விளைந்த பிறகு சொல்லலாம் என்று நிஸா ராத்தா ஒழுங்கைப் பெண்களுக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். றம்ஸியா சுளகு சுளகாய்ப் புடைத்து, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு, ஒரு மங்கல் மணிகூடத் தவறிப்போகாமல் பொறுக்கியிருந்தாள். அவ்வளவு அன்பாய், அவ்வளவு கவனமாய் அக்காவின் விதையை இல்லாமலாக்கியிருந்தாள். நிஸா ராத்தா வாளிக்குள் பார்த்தபடி நின்று, “நல்லது புள்ள,” என்றார். வாளியை மூடி வைத்தார்.

இரண்டு நாள் கழித்து நான் போனபோது எனக்கு இதெல்லாம் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “உங்கட தங்கச்சிக்குக் கொஞ்சமாவது...” என்று தொடங்கினேன்.

“மெதுவா மிஸ். அவ குசினில மீன் வெட்டிக்கொண்டு நிக்கா.”

நான் கதிரையில் இருந்து, அந்த வாளிக்குள் கையை விட்டு மணிகளைச் சும்மா அளைந்துகொண்டிருந்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். எல்லாம் கண்ணாடி. ஒன்றில்கூட மங்கல் இல்லை. கோபம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் எனக்கு யோசனை ஓடியது. இந்த மணிகளுக்குத் தகப்பன் றம்ஸியாவின் காணி. ஆனால் தாய்? எல்லாமே நிஸா ராத்தாவின் செடியில் பிடித்த பொத்திகள்.

“ராத்தா,” என்றேன். “இது ஒண்டும் போகேல்ல. இதில ஒவ்வொரு மணிக்குள்ளயும் உங்கட சோளன்ர பாதி இருக்கு. மற்றப் பாதி அதை மூடிக்கொண்டு நிக்குது, அவ்வளவுதான். இதைப் போட்டு, தங்களுக்குள்ள மட்டும் பூக்க விட்டா, வாற பொத்தியில நாலில ஒண்டு மங்கலாத் திரும்பி வரும்.”

அவர் ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நானே தொடர்ந்தேன். “இன்னொண்டும் சொல்லட்டா? அவங்கட மகரந்தம் வராட்டி எல்லா மணியும் மங்கலாத்தான் இருந்திருக்கும். எல்லாத்தையும் அரைச்சிருப்பா. ஒண்டும் மிஞ்சியிராது.”

குசினியில் மீன் வெட்டுகிற சத்தம் கேட்டது. நிஸா ராத்தா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அது உள்ளுக்குத்தான் இரிக்கு. வெளியில தெரியல்ல.”

“ஓம். ஆனா அடுத்த போகம் அவங்கட காணியில சோளன் போடக் கூடாது. போட்டா திரும்பவும் மூடிரும். நீங்கள் சொல்லத்தான் வேணும்.”

சொல்வதென்றால் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். நீ பொறுக்கி எறிந்ததுதான் என் விதை என்று, இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்து வீட்டைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சுகிற தங்கையிடம் சொல்ல வேண்டும். நிஸா ராத்தா சொல்லவில்லை. றம்ஸியா தினமும் வந்தாள். இரண்டு பேரும் ஒன்றாய் இருந்து பயற்றங்காய் உடைத்தார்கள், குவைத்துக் கதை கதைத்தார்கள், உம்மாவின் கதையும் கதைத்தார்கள். நான் போகும்போதெல்லாம் ஜாடையாகக் கேட்பேன். சொல்லுவன், சொல்லுவன் என்பார். வெயில் காலம் முழுவதும் இப்படியே போனது. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“இந்த விதை போனா இனி இல்லை ராத்தா.”

“றம்ஸியும் இனி இல்ல மிஸ்,” என்றார். அன்றைக்கு முதல் நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் கடலுக்கு மேலே மழை கறுத்தது. கம்பனிக்காரன் விதை கொண்டு வந்துவிட்டான், நாளைக்கு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு றம்ஸியா வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவள் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிஸா ராத்தா பக்கத்தில் இருந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். கஞ்சிப் பானை, பிள்ளைகளின் கை, மங்கல் மணி, காற்று, வாளி. குரலில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. தான் கண்ட கனவைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

றம்ஸியாவின் கை நின்றுவிட்டது.

“அப்ப நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தது?”

“அதுதான்.”

“நீங்க குடிச்சீங்களே.”

“குடிச்சன். நல்ல ருசி.”

றம்ஸியா பாதித் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனாள். கூப்பிடுங்கள் என்று நான் நிஸா ராத்தாவைத் தட்டினேன். அவர் அந்தத் தேங்காயை எடுத்து மிச்சத்தைத் துருவத் தொடங்கினார். கண்ணீர் வடிந்து தேங்காய்ப்பூவில் விழுந்தது. துடைக்கவும் இல்லை.

மழை விழுந்தது. நிஸா ராத்தா வாளி மணிகளைப் போட்டார். அந்தப் பக்கமும் உழுது விதைத்தாகிவிட்டது, ஆனால் என்ன விதைத்தார்கள் என்று கேட்க ஆளில்லை. றம்ஸியா வரவும் இல்லை. நாங்கள் முளைக்கும் வரை காத்திருந்தோம். காலையில் நான் போனால் அவர் வரம்பில் குந்தியிருப்பார். ஈர மண்ணில் இருந்து புகார் எழும்பும். சோளன் ஈட்டி மாதிரி ஒற்றைச் சுருளாய்த்தான் முளைக்கும். இந்தப் பக்கம் அப்படி முளைத்தது. அந்தப் பக்கம் மண் வெடித்து, வளைந்த கழுத்து நிமிர்ந்து, இரண்டிரண்டு இலையாக விரிந்தது. காணி முழுக்கப் பயறு. நிஸா ராத்தா குனிந்து அந்த இலைகளில் ஒன்றை விரலால் தொட்டார். “போடல்ல மிஸ்,” என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பயறு முதலில் முற்றியது. றம்ஸியா வந்து பிடுங்கிக்கொண்டு போனாள். தலையை நிமிர்த்தவில்லை. சோளன் காய்ந்த பிறகு நாங்கள் முதல் பொத்திகளை முறித்து வரம்பில் குவித்தபோதுதான் அவள் கூப்பிடாமலே வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தாள். நிஸா ராத்தா ஒரு பொத்தியை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தார். றம்ஸியா மடலை ஒவ்வொன்றாக உரித்தாள். கண்ணாடி மணிகளுக்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாய், சுண்ணாம்பு நிறத்தில் மங்கல் மணிகள் இருந்தன.

அவள் கண்ணாடி மணிகளை விட்டுவிட்டு அவற்றை மட்டும் நகத்தால் நெம்பி எடுத்துத் தன் மடியில் போட்டாள். அடுத்த பொத்தி, அதற்கடுத்தது. நாங்கள் பொத்திகளை அவள் பக்கம் தள்ளிக்கொடுத்தோம். மடியில் ஒரு கைப்பிடி சேர்ந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

“அடுத்த போகத்துக்கு எனக்கும் இதுல விதை தாங்க ராத்தா. ரெண்டு காணியிலயும் இதையே போடுவம்.”

“கம்பனிக்காரன் மங்கல எடுக்க மாட்டான் புள்ள.”

“எடுக்காட்டிப் போகட்டும்,” என்றாள் றம்ஸியா. “நாங்க திம்பம்.”

நிஸா ராத்தா தங்கையின் மடிக்குள் கையை விட்டு, அந்த மணிகளுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் எழும்பிப் போய் மிச்சப் பொத்திகளை முறிக்கத் தொடங்கினேன்.